கலிஃபோர்னியாவில் பள்ளி பஸ்ஸுக்கு மாநில அரசு எவ்வளவு தருகிறது? தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பெற்றோர் குழுக்களில் பஸ் பேச்சு தொடங்கிவிடும். பஸ் ஏன் இல்லை, அரசு கொடுக்கிற பணம் எங்கே போகிறது, நாம் ஏன் கட்டணம் கட்டுகிறோம் என்று ஆண்டுதோறும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற மாநிலங்களில் கணக்கே வேறு.

"அமெரிக்கான்னாலே மஞ்சள் பஸ்தானே? எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல ஒண்ணுகூட நிக்கலையே?"

பள்ளிக்கு பஸ் விட, ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மாநிலக் கல்விச் சட்டத்தின் 39800-ஆம் பிரிவு அனுமதி தருகிறது. ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. பஸ் விடுவதா வேண்டாமா, எவ்வளவு தூரத்துக்கு, எந்த வகுப்புக்கு என்பதெல்லாம் உங்கள் டிஸ்ட்ரிக்ட் போர்டின் முடிவு. சட்டமன்றத்துக்கு நிதி ஆய்வு செய்து தரும் அலுவலகம் 2014-ல் வெளியிட்ட அறிக்கைப்படி கலிஃபோர்னியாவில் எட்டு மாணவரில் ஒருவர்தான் பள்ளி பஸ்ஸில் போகிறார். நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர்.

நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினரின் குழந்தைக்கு இலவச பஸ் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: அங்கே எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 2.5 மைலுக்கு மேல் வீடு இருந்தால் டிஸ்ட்ரிக்ட் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். அப்படி ஒரு தூர வரம்பு இங்கே சட்டத்தில் கிடையாது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் 1 மைல், 2.5 மைல் என்று ஏதாவது போட்டிருந்தால் அது அவர்களே வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே மாற்றலாம்.

"அப்போ சட்டப்படி யாருக்குமே பஸ் கொடுக்க வேண்டாமா?"

சிலருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் மத்திய அரசின் சட்டங்களிலிருந்து வருகிறது. மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கென எழுதப்படும் தனிக் கல்வித் திட்டமான ஐஇபி ஆவணத்தில் போக்குவரத்து என்று எழுதியிருந்தால் டிஸ்ட்ரிக்ட் தன் செலவில் அழைத்துப் போக வேண்டும். நிலையான வீடில்லாத குழந்தைகளுக்கு மெக்கின்னி–வென்டோ சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் (ஃபாஸ்டர் கேர்) இருக்கும் குழந்தைகளுக்கும் அதே பள்ளியில் தொடர வழி செய்ய வேண்டும்.

நிலையான வீடில்லை என்றால் தெருவில் இருப்பவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலை போய், வாடகை கட்ட முடியாமல் நண்பர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பமும் இதில் வரலாம். பழைய பள்ளியிலேயே தொடரவும், அங்கே போய்வர ஏற்பாடு கேட்கவும் அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு. இதைக் கவனிக்க ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

"ஸ்டேட் இதுக்குன்னு காசு தருதா, தரலையா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

தருகிறது, இரண்டு வழியில். ஒன்று பழைய தொகை. 2013-14-ல் பள்ளிகளுக்கு மாநிலம் பணம் பிரித்துத் தரும் எல்சிஎஃப்எஃப் என்ற புதிய நிதிமுறை வந்தபோது, அதற்கு முந்தைய 2012-13-ல் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் பஸ்ஸுக்கென்று எவ்வளவு வாங்கியதோ அதை அப்படியே கூடுதல் தொகையாக ஒட்டிவிட்டார்கள். மாநிலம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 50 கோடி டாலர்.

இரண்டாவது 2022-23 பட்ஜெட்டில் வந்தது. எல்லா மாணவருக்கும் பஸ் கட்டாயம் என்று கேட்டு அந்த ஆண்டு செனட்டில் ஒரு மசோதா வந்தது. கடைசியில் கிடைத்தது கட்டாயம் இல்லாத உதவித்தொகை. டிஸ்ட்ரிக்ட் முந்தைய ஆண்டு செய்த பஸ் செலவில் 60 சதவீதம் வரை மாநிலம் திருப்பித் தரும். இதற்கென ஆண்டுக்கு 63.7 கோடி டாலர் என்று தொடங்கினார்கள்.

"60 பர்சென்ட்னா எதுல 60? கணக்கு போட்டுக் காட்டுங்க."

முந்தைய நிதியாண்டில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, மாணவரை வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏற்றி இறக்கிய செலவை எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்ட்ரிக்ட் கணக்குப் புத்தகத்தில் இது 'ஃபங்ஷன் 3600' என்ற தலைப்பில் இருக்கும். ஓட்டுநர் சம்பளம், டீசல், பழுதுபார்ப்பு, ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது எல்லாம் இதில் சேரும். சிறப்புக் கல்வி மாணவருக்கான வேன் செலவும் இதில்தான். புது பஸ் வாங்கியது போன்ற மூலதனச் செலவைக் கழித்துவிட வேண்டும். சுற்றுலா, விளையாட்டுப் போட்டிப் பயணங்கள் வீடு–பள்ளிப் போக்குவரத்து ஆகாது. மிஞ்சியதில் 60 சதவீதம் கண்டு, அதிலிருந்து மேலே சொன்ன பழைய தொகையைக் கழித்தால் வருவதுதான் திரும்பக் கிடைக்கும் பணம்.

ஒரு கற்பனை டிஸ்ட்ரிக்ட்டை வைத்துப் பார்ப்போம். மொத்தச் செலவு 50 லட்சம் டாலர். அதில் 6 லட்சம் புது பஸ்ஸுக்கு. மீதி 44 லட்சத்தில் 60 சதவீதம் 26.4 லட்சம். பழைய தொகை 8 லட்சம் என்றால் திரும்பக் கிடைப்பது 18.4 லட்சம். இரண்டு வழியிலும் சேர்த்து மாநிலம் கொடுத்தது 26.4 லட்சம். மிச்சம் 23.6 லட்சத்தை டிஸ்ட்ரிக்ட் தன் பொது நிதியிலிருந்து போடுகிறது. "60 சதவீதம் ஸ்டேட் தருது" என்று கேட்டுவிட்டு, பழைய தொகைக்கு மேல் இன்னொரு 60 என்று பலர் கூட்டிக்கொள்கிறார்கள். அது தப்பு. இரண்டும் சேர்ந்துதான் 60. பழைய தொகையே 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் புதிதாக ஒன்றும் வராது. ஆனால் பழையது கைவிட்டுப் போகாது.

"பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு பழைய தொகை எங்களைவிட பல மடங்கு. பசங்க எண்ணிக்கை ஒண்ணுதான். இது என்ன நியாயம்?"

நியாயம் இல்லைதான். அந்தத் தொகை இன்றைய மாணவர் எண்ணிக்கையையோ தூரத்தையோ பார்த்துப் போட்டதல்ல. பல பத்தாண்டுகளுக்கு முன் எந்த டிஸ்ட்ரிக்ட் எவ்வளவு பஸ் ஓட்டியது என்பதை ஒட்டி வந்த எண், 2012-13-ல் உறைந்துவிட்டது. அப்போது வயலும் பழத்தோட்டமுமாக இருந்த இடத்தில் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகள் முளைத்திருந்தாலும் எண் மாறவில்லை. விலைவாசி ஏற்றம்கூட 2023-24 முதல்தான் சேர்க்கப்படுகிறது. முதல் ஆண்டு 8.22 சதவீதம், அடுத்த ஆண்டு 1.07.

60 சதவீத முறை இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிக்கட்டுகிறது. பழைய தொகை குறைவாக உள்ள டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கழிவும் குறைவு, அதனால் திரும்ப வருவது அதிகம். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் செலவு செய்திருக்க வேண்டும். பஸ்ஸே ஓட்டாத டிஸ்ட்ரிக்ட்டுக்குப் பூஜ்யத்தில் 60 சதவீதம் பூஜ்யம்தான். இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஏற்கெனவே ஓட்டுபவருக்கு உதவும். ஓட்டாதவரை ஓட்ட வைக்காது.

"சரி, 60 பர்சென்ட் திரும்ப வருமே. தைரியமா ரெண்டு ரூட் போடலாமே?"

முதல் தடை ரொக்கம். இந்த ஆண்டு செலவு, அடுத்த ஆண்டு வரவு. ஒரு ரூட்டுக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர் ஆகிறது என்று வையுங்கள். முதல் ஆண்டு முழுப் பணமும் டிஸ்ட்ரிக்ட்டின் கையிருப்பிலிருந்து போகும். மறு ஆண்டு 72,000 வரும். ஆக, டிஸ்ட்ரிக்ட்டின் உண்மையான சுமை 48,000. அந்த பஸ்ஸில் 50 பேர் ஏறினால் ஒரு குழந்தைக்கு 960 டாலர். 15 பேர் மட்டும் ஏறினால் 3,200. ஆகவே பஸ் கேட்கிறவர்கள் எத்தனை பேர் உண்மையாகவே ஏறுவார்கள் என்பதைக் காட்ட வேண்டும்.

அடுத்தது ஓட்டுநர். பஸ் லைசென்ஸ் மட்டும் போதாது. கலிஃபோர்னியாவில் பள்ளி பஸ் ஓட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். குறைந்தது 20 மணி நேரம் வகுப்புப் பயிற்சி, 20 மணி நேரம் வண்டியில் பயிற்சி, பிறகு நெடுஞ்சாலைக் காவல்துறையின் தேர்வு. இவ்வளவும் முடித்தவருக்குக் காலையில் சில மணி நேரம், மதியம் சில மணி நேரம் என்று உடைந்த வேலை. அதனால் ஆள் நிற்பதில்லை. பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியும் ரூட் ரத்தாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது மணி அடிக்கும் நேரம். ஒரே பஸ் முதலில் ஒரு பள்ளிக்கும், முக்கால் மணி கழித்து இன்னொரு பள்ளிக்கும் போனால்தான் செலவு கட்டுப்படியாகும். ஜூலை 2022 முதல் உயர்நிலைப் பள்ளி காலை 8:30-க்கு முன்னும், நடுநிலைப் பள்ளி 8 மணிக்கு முன்னும் தொடங்கக்கூடாது என்று சட்டம். சில கிராமப்புற டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மட்டும் விலக்கு. எல்லாப் பள்ளியும் 8-க்கும் 8:30-க்கும் இடையில் குவிந்தால் ஒரு பஸ் செய்த வேலைக்கு இரண்டு பஸ் வேண்டும்.

"பப்ளிக் ஸ்கூல் இலவசம்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஃபீஸ் கேக்குறாங்களே, இது சட்டப்படி சரியா?"

சரிதான். பஸ் கட்டணம் வாங்குவது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1992-ல் ஆர்கேடியா டிஸ்ட்ரிக்ட் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் வறுமையில் உள்ள குடும்பத்திடமும், ஐஇபி-யில் போக்குவரத்து பெற்ற குழந்தையிடமும் வாங்கக்கூடாது.

2022-க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 60 சதவீதப் பணம் வேண்டுமென்றால், குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகள், ஆங்கிலம் கற்கும் மாணவர்கள், வளர்ப்புப் பராமரிப்புக் குழந்தைகள் ஆகியோர் இருக்கிற பஸ்ஸில் காசில்லாமல் எப்படிப் போகலாம் என்று டிஸ்ட்ரிக்ட் தன் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். நம்மவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதி, ஆங்கிலத் தேர்வு வைத்து, உங்கள் குழந்தையை ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று வகைப்படுத்தியிருந்தால், உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் குழந்தை வருகிறது. பஸ் அலுவலகத்துக்கு இது தானாகத் தெரியாது. விண்ணப்பிக்கும்போதே வகைப்பாட்டைச் சொல்லி, கட்டணம் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றதாக மறுவகைப்படுத்திய பிறகு இந்த வாய்ப்பு போய்விடும்.

"லஞ்ச் எல்லாருக்கும் ஃப்ரீ ஆகிடுச்சே, அந்த வருமான ஃபாரத்தை எதுக்கு இன்னும் அனுப்புறாங்க?"

2022-23 முதல் பொதுப் பள்ளிகளில் எல்லாருக்கும் காலை, மதிய உணவு இலவசம். அதனால் வருமானப் படிவத்தைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படிவம் இல்லாவிட்டால் யார் குறைந்த வருமானம் என்று டிஸ்ட்ரிக்ட்டுக்குத் தெரியாது. பஸ் கட்டண விலக்கும் போகும், எல்சிஎஃப்எஃப்-இல் அந்தக் குழந்தைக்காக வரும் கூடுதல் பணமும் போகும். பத்து நிமிட வேலை, நிரப்பிக் கொடுங்கள்.

"அந்தத் திட்டம், ப்ளான்னு சொல்றீங்களே, அது எங்கே இருக்கு?"

60 சதவீதப் பணம் பெற விரும்பும் டிஸ்ட்ரிக்ட் ஒரு போக்குவரத்துத் திட்டத்தைப் பொதுக் கூட்டத்தில் வைத்து நிறைவேற்ற வேண்டும். முதல் முறை 2023 ஏப்ரல் 1-க்குள், பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் 1-க்குள் புதுப்பிக்க வேண்டும். அதனால் பிப்ரவரி, மார்ச் மாதப் போர்டு கூட்ட நிகழ்ச்சி நிரலில் தேடினால் கிடைக்கும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை வெளியிட வேண்டும் என்பது சட்டம்.

அதில் நான்கு விஷயம் பாருங்கள். இப்போது யாருக்கு பஸ் உண்டு. கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய டிகே முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கும் குறைந்த வருமானக் குழந்தைகளுக்கும் எப்படி முன்னுரிமை தருகிறார்கள். மாற்றுத்திறன் மற்றும் வீடில்லாக் குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு. கட்டணமில்லாப் பயணம் எப்படி. திட்டம் தயாரிக்கும்போது ஆசிரியர், ஊழியர், பெற்றோர், மாணவர், உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனம், காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. போன வருடத் தாளில் தேதியை மட்டும் மாற்றி நிறைவேற்றுகிற இடங்களில், பெற்றோரை எப்போது கலந்தாலோசித்தீர்கள் என்று கேட்டாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

"போர்டு மீட்டிங்ல மைக்கைப் பிடிச்சா என்ன பேசணும்?"

பெரும்பாலும் மூன்று நிமிடமோ அதற்கும் குறைவோ தருவார்கள். "பஸ் வேண்டும், டிராஃபிக் தாங்கலை" என்பதை அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள். எண்களோடு போங்கள். செப்டம்பர் 15-க்குள் டிஸ்ட்ரிக்ட் முடிந்த நிதியாண்டின் கணக்கை, தணிக்கைக்கு முன்பே, போர்டில் வைத்தாக வேண்டும். அந்த ஆவணத்தில் ஃபங்ஷன் 3600-ஐத் தேடி மொத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தந்த தொகையை மாநிலக் கல்வித் துறை டிஸ்ட்ரிக்ட் வாரியாகத் தன் தளத்தில் வெளியிடுகிறது. இரண்டையும் வைத்து, மேலே போட்ட மாதிரிக் கணக்கை உங்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போடலாம்.

பிறகு ஒரு பக்கத்தில்: எந்தச் சந்திப்பிலிருந்து எந்தப் பள்ளிக்கு, எத்தனை குழந்தைகள், பெற்றோர் கையெழுத்து, ஒரு ரூட்டின் செலவில் டிஸ்ட்ரிக்ட்டின் 40 சதவீதப் பங்கு எவ்வளவு. பட்ஜெட் ஜூன் கடைசிக்குள் நிறைவேறிவிடும். ஆகஸ்டில் போய்க் கேட்டால் அந்த ஆண்டுக்கு ஒன்றும் நடக்காது. மார்ச்சில் கேளுங்கள்.

"எங்க பொண்ணு சார்ட்டர் ஸ்கூல். அவங்களுக்கும் இந்தக் காசு உண்டா?"

இல்லை. திருப்பித் தரும் திட்டத்தில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கவுண்ட்டி கல்வி அலுவலகம், பஸ்ஸுக்காக டிஸ்ட்ரிக்ட்டுகள் கூட்டாக அமைத்த நிறுவனங்கள் போன்றவை மட்டுமே வருகின்றன. அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளி பஸ் விட்டால் தன் பொதுப் பணத்தில்தான் விட வேண்டும்.

"ஸ்கூல் விடுற நேரத்துக்கு ஏசி ட்ரான்ஸிட் பஸ் கரெக்டா வாசல்ல வருது. அது ஸ்கூல் பஸ்தானே?"

இல்லை, அது பொது பஸ். ஏசி ட்ரான்ஸிட் என்பது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்க ஊர்களில் பஸ் ஓட்டும் பொதுப் போக்குவரத்து நிறுவனம். ஃப்ரீமாண்ட் போன்ற ஊர்களில் 600 வரிசை எண்ணில் ஓடுபவை பள்ளி நேரத்துக்கு ஏற்ப அமைத்த ரூட்டுகள். ஆனால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மத்திய அரசின் பணம் வாங்கும் போக்குவரத்து நிறுவனம் மாணவருக்கு மட்டுமான பஸ் ஓட்டக்கூடாது என்று விதி இருப்பதால்தான் இந்த ஏற்பாடு. எனவே அந்த பஸ்ஸுக்குச் சிவப்பு விளக்கும் நிறுத்தப் பலகையும் கிடையாது, பின்னால் வரும் கார்கள் நிற்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தையைத் தனியாக அனுப்புமுன் இதை யோசியுங்கள். 5 முதல் 18 வயதுக்கு பயணக் கட்டணம் கட்டப் பயன்படும் க்ளிப்பர் அட்டையில் இளையோருக்கானதை வாங்கினால் கட்டணம் குறையும்.

இந்த வகை பஸ் ஓடும் பணம் கல்வித் துறையின் 60 சதவீதத்திலிருந்து வருவதல்ல. சான் ரமோன், டான்வில், அலமோ பகுதியில் மாணவருக்காக ஓடும் ட்ராஃபிக்ஸ் என்ற திட்டத்தின் பஸ்களும் கல்விப் பணத்தில் ஓடுவதில்லை. அவை கான்ட்ரா கோஸ்டா கவுண்ட்டியின் மெஷர் ஜே என்ற விற்பனை வரியில் ஓடுகின்றன. நோக்கமும் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பதுதான். அதனால் அந்த ரூட் பற்றிய குறையை ஸ்கூல் போர்டில் சொன்னால் தவறான கதவைத் தட்டியதாகும்.

"எலெக்ட்ரிக் பஸ் வாங்குறாங்களே, ரூட் போட காசில்லைன்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?"

ஏமாற்று இல்லை, பை வேறு. பஸ் வாங்குவது மூலதனச் செலவு, 60 சதவீதக் கணக்கில் வராது. மின் பஸ்ஸுக்கும் சார்ஜருக்கும் மாநிலம் தனி மானியம் தருகிறது. மத்தியில் 2022 முதல் 2026 வரை 500 கோடி டாலர் திட்டம் ஒன்று வந்தது. அந்தப் பணத்தில் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 2035 முதல் வாங்கும் பஸ் எல்லாம், விலக்குப் பெற்றால் ஒழிய, புகையில்லா வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்ற சட்டமும் 2023-ல் வந்துவிட்டது. மானியம் கிடைக்கும்போதே வாங்கி வைக்கிறார்கள்.

"பையனுக்கு ஐஇபி இருக்கு. பஸ் கேட்டேன், 'நீங்களே கொண்டு விடுங்க, மைலுக்குக் காசு தர்றோம்'னு சொல்றாங்க. ஒத்துக்கணுமா?"

ஒத்துக்கொள்வது உங்கள் விருப்பம். மைல் கணக்கில் பணம் தருவதை டிஸ்ட்ரிக்ட் ஒரு வழியாக முன்வைக்கலாம். உங்கள் தலையில் கட்ட முடியாது. போக்குவரத்து தேவையா என்பது பஸ் அலுவலகத்தின் முடிவல்ல, ஐஇபி கூட்டத்தின் முடிவு. அங்கே மறுத்தால், ஏன் மறுக்கிறோம் என்று எழுத்து மூலம் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒப்புக்கொண்டால், எங்கே ஏற்றுவது, துணை ஆள் உண்டா, கார் சீட் வேண்டுமா, கோடை வகுப்புக்கும் பொருந்துமா என்பதை ஆவணத்தில் எழுத வைக்க வேண்டும். எழுதாத பட்சத்தில் ஓட்டுநர் மாறும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"நஷ்டம்னு சொல்லி டிஸ்ட்ரிக்ட் இருக்கிற பஸ்ஸையும் நிறுத்தினா ஸ்டேட் கேக்காதா?"

ஓரளவு கேட்கும். பழைய தொகை வாங்கும் டிஸ்ட்ரிக்ட், 2012-13-ல் பஸ்ஸுக்காக வாங்கியது, செலவழித்தது இவற்றில் எது குறைவோ அதற்குக் கீழே செலவைக் கொண்டு போகக்கூடாது. ஆனால் சிறப்புக் கல்வி வேன் செலவே பல இடங்களில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதனால் சாதாரண ரூட்டுகளை வெட்டினாலும் விதி மீறப்படுவதில்லை.

வெட்டுவதில் சேமிப்பு தோன்றுகிற அளவு இல்லை என்பதை போர்டுக்கு நினைவூட்டலாம். 1,20,000 டாலர் ரூட்டை நிறுத்தினால் அடுத்த ஆண்டு 72,000 டாலர் வரவும் நின்றுபோகும்.

"வாடகை வீடு பார்க்கிறோம். பஸ் இருக்கான்னு எப்படி உறுதி பண்றது?"

வீட்டுத் தரகர் சொல்வதையும், பக்கத்து வீட்டுக் குழந்தை பஸ்ஸில் போவதையும் நம்ப வேண்டாம். அந்தக் குழந்தைக்கு ஐஇபி இருக்கலாம். டிஸ்ட்ரிக்ட் போக்குவரத்து அலுவலகத்துக்கு முகவரியோடு மின்னஞ்சல் அனுப்பி, இந்த வகுப்புக்கு வரும் ஆண்டில் ரூட் உண்டா, இடம் காலியா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கூடவே இன்னொன்று: எங்கள் எல்லைக்குட்பட்ட பள்ளியில் இடமில்லை என்று வேறு பள்ளிக்கு அனுப்பினால் அங்கே பஸ் தருவீர்களா? புது அடுக்குமாடிகள் நிறைந்த பகுதிகளில் இது அடிக்கடி நடக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பதில் கையில் இருக்கட்டும்.